கிண்ணம் வந்தாயிற்று, பவனிக்கு என்னென்ன வேண்டும்?

கோல்கம்பம்:
அண்ணாமாரே, எங்கள் கல்லூரி உதைபந்தாட்ட அணி அகில இலங்கைக் கிண்ணத்தைத் தூக்கிவிட்டது. சனிக்கிழமை பின்னேரம் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் தொடங்கி தும்முல்லை, பௌத்தாலோக மாவத்தை வழியாகப் பம்பலப்பிட்டிப் பாடசாலை வரை வாகன பவனி போக யோசனை. வீரர்கள் 22 பேர், ஒரு லொறி, பப்பரே கோஷ்டி (ட்ரம்பெட், ட்ரம் வாசிக்கும் குழு), பின்னால் பழைய மாணவர்களின் கார்கள். யாரிடம் அனுமதி எடுப்பது? கொடி, பெனர் என்ன அளவில் அடிப்பது?

மூன்றாம் ஒழுங்கை:
முதலில் அதிபரின் கடிதம். பழைய மாணவர் சங்கத்தின் கடிதத்தாளோடு மட்டும் போனால் பொலிஸ் திருப்பி அனுப்பும். பிள்ளைகளுக்குப் பொறுப்பு யார் என்பதுதான் அவர்களது முதல் கேள்வி. புறப்படும் இடம் கறுவாத்தோட்டம் பொலிஸ், முடியும் இடம் பம்பலப்பிட்டி பொலிஸ், ஆகவே இரண்டு இடத்திலும் கொடுக்க வேண்டும். கடிதத்தில் பாதை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், வாகன இலக்கங்கள், பொறுப்பாசிரியரின் தொலைபேசி எண் எல்லாம் இருக்கட்டும். பிரதியில் முத்திரை குத்தி வாங்கி முன் வண்டியில் வையுங்கள். சனிக்கிழமைக்கு வெள்ளி பின்னேரம் போய் நிற்காதீர்கள்.

ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி. 2007 உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு இரவு 10 முதல் காலை 6 வரை அது கிடைக்காது. பரீட்சைக் காலமா என்றும் பாருங்கள்.

காலி வீதியிலும் டுப்ளிகேஷன் வீதியிலும் ஒருவழிப் பகுதிகள் உண்டு. ஒரு கார் பிந்தித் தவறான திருப்பத்தில் போய்விட்டால் வரிசை இரண்டாகும், பிறகு சேர்க்கவே முடியாது. பத்து கார் போதும், மற்றவர்கள் பாடசாலை வாசலில் நின்று வரவேற்கட்டும். இன்னொன்று: பெண்கள் பாடசாலை வாசல்களில் நிறுத்தி ஆட்டம் போடக் கூடாது. பிக் மேட்ச் (பாடசாலைகளின் வருடாந்த கிரிக்கெட் போட்டி) காலத்து மதில் ஏறும் சேட்டைகளால் பொலிஸுக்கு இந்த விஷயத்தில் பொறுமை குறைவு.

ட்ரம்காரன்:
லொறியில் 22 பிள்ளைகளை நிற்க வைக்கும் யோசனையை விடுங்கள். சரக்கு லொறி ஆள் ஏற்றுவதற்கல்ல. பக்கப் பலகை இடுப்பளவுகூட வராது, சடாரென்று பிரேக் பிடித்தால் முன்னால் நிற்பவன் மேல் எல்லாரும் விழுவார்கள். மேல் திறந்த பஸ் வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சாதாரண பஸ்ஸில் யன்னல் பக்கம் வீரர்களை இருத்தி, கிண்ணத்தை முன் கண்ணாடியில், சாரதியின் பார்வையை மறைக்காமல் வையுங்கள். ஃபுட்போர்டில் ஒருவனும் தொங்கக் கூடாது.

பப்பரேக்கு எட்டிலிருந்து பத்துப் பேர் தாராளம்: ட்ரம்பெட் இரண்டு மூன்று, சாக்ஸபோன் ஒன்று, சைட் ட்ரம் இரண்டு, பேஸ் ட்ரம் ஒன்று, தாளம். ஓடும் வண்டியில் ட்ரம்பெட் ஊதுவது ஆபத்து. ஒரு குழியில் ஏறினாலே ஊதுவாய் பல்லில் இடிக்கும், உதடு கிழியும். கோஷ்டி கடைசி அரைக் கிலோமீற்றர் நடந்து வாசிக்கட்டும். ஓட்டத்தில் ட்ரம் மட்டும் போதும். மணித்தியாலக் கணக்கில் பேசினால் நெரிசலில் காசு ஏறும், மொத்தமாகப் பேசி எழுதி வாங்குங்கள்.

கெய்சர் வீதி:
கொடி: கைக்கு 2 × 3 அடி, வாகனத்துக்கு 3 × 5. சாட்டின் துணி பளபளக்கும், ஆனால் ஓரம் நூல் பிரியும். இரட்டை மடிப்புத் தையல் கட்டாயம். கம்புக்கு மூங்கில். பிவிசி குழாய் காற்றில் வளையும், இரும்புக் குழாய் மேலே மின்கம்பியில் பட்டால் கதை முடிந்தது.

பெனர் 10 × 4 அடி. வட்ஸ்அப்பில் வந்த சின்னத்தைக் கொடுத்தால் நிச்சயம் மங்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் கோப்பு இருந்தால் சிக்கலில்லை. படமாகக் கொடுப்பதானால் அங்குலத்துக்கு 72 புள்ளி கணக்கில் 8640 × 3456 பிக்ஸல். கல்லூரி நிறம் துணியில் ஒன்றாகவும் ஃபிளெக்ஸில் வேறாகவும் வரும், ஓர் அடித் துண்டு அடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்துக்குச் சொல்லுங்கள். பெனர் ஓரத்தில் கயிறு கட்ட இரண்டு அடிக்கு ஒரு வளையம். இலவச ஆலோசனை: அணியின் படத்தைவிட அனுசரணையாளரின் படம் பெரிதாக இருந்தால் அது வெற்றி பெனர் இல்லை, விளம்பரம்.

கோல்கம்பம்:
நன்றி. லொறியை விட்டு பஸ் பார்க்கிறோம். சீனவெடி?

மூன்றாம் ஒழுங்கை:
வீதியில் வேண்டாம், எரிபொருள் நிலையமும் பஸ் நெரிசலும் உள்ள பாதை. மைதான ஓரத்தில், அணி உள்ளே வருவதற்கு முன்பே சுற்றிக் கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி நிறுத்தி, ஒரு சரம் கொளுத்தி முடியுங்கள். சரத்தில் சில வெடிக்காமல் மிஞ்சும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் பொறுக்க ஓடுவார்கள். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கூட்டி அள்ளிய பிறகுதான் கயிற்றை அவிழ்க்க வேண்டும். மாலை வாங்கும்போது 22 என்று நிறுத்தாமல் பயிற்றுநர், பொறுப்பாசிரியர், மைதானப் பணியாளர் ஆகியோரையும் எண்ணிச் சொல்லுங்கள்.