ஜெர்மனியில் மகள் வீட்டில் மூன்று மாதம்: ஷெங்கன் 90 நாளை எப்படி எண்ணுவது, எத்தனை நாள் தங்குவது?

சிங்காநல்லூர்க்காரர் கேட்டது:

வணக்கம். மகள் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறாள். எனக்கு 63, மனைவிக்கு 60. இருவருக்கும் இதுதான் முதல் ஐரோப்பியப் பயணம். ஏப்ரல் 15 போய் இறங்கி, ஜூலை 14 கிளம்புவதாகத் திட்டம். நடுவில் மே 20 முதல் 30 வரை லண்டனில் தம்பி மகன் வீடு. டிசம்பர் நடுவில் மறுபடி ஒரு மாதம் போகலாமா என்றும் ஒரு யோசனை. டிராவல் ஏஜென்ட் "மூணு மாசம்தானே சார், தாராளமா இருக்கலாம்" என்கிறார். மகளோ இரண்டரை மாதம் போதும் என்கிறாள். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறாள். எனக்குச் சர்க்கரை, மனைவிக்குப் பிரஷர், இருவருக்கும் தினசரி மாத்திரை உண்டு. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. எத்தனை நாள் வைப்பது?

கணக்குப்பிள்ளை:

டிக்கெட் எடுக்காதது நல்லதாகப் போயிற்று. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள் ஐயா: ஏப்ரலில் 16 நாள், மே 31, ஜூன் 30, ஜூலையில் 14. கூட்டினால் 91. லண்டன் போகாமல் அங்கேயே இருந்தால் ஒரு நாள் சட்டமீறல். ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு; அதன் விதி "மூன்று மாதம்" அல்ல, 90 நாள். வந்து இறங்கும் நாளும் கணக்கு, கிளம்பும் நாளும் கணக்கு. காலை எட்டு மணிக்கு இறங்கினாலும் இரவு பதினொன்றரைக்கு இறங்கினாலும் அது ஒரு முழு நாள். எண்ணத் தொடங்குவது சென்னையில் விமானம் ஏறிய தேதியிலிருந்து அல்ல, பிராங்க்பர்ட்டில் பாஸ்போர்ட் காட்டிய தேதியிலிருந்து.

லண்டன் ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால் அங்கே இருக்கும் நாட்கள் கழியும். ஆனால் பத்து நாளும் கழியாது. மே 20 அன்று காலையில் ஜெர்மனியில் இருக்கிறீர்கள், மே 30 அன்று மாலையில் திரும்ப நுழைகிறீர்கள். இரண்டும் ஷெங்கன் நாட்களே. கழிவது 21 முதல் 29 வரை, ஒன்பது நாள் மட்டும். ஆக 91-ல் 9 போக 82.

நாள் கணக்கு இப்படிச் சரியாகிவிட்டாலும் வேறு இடத்தில் மாட்டும். லண்டன் போய்த் திரும்ப நுழைய உங்கள் விசா குறைந்தது இரண்டு நுழைவுக்கானதாக இருக்க வேண்டும். முதல் தடவை விண்ணப்பிப்பவருக்கு ஒரே நுழைவு கொடுப்பது சகஜம். அப்படி வந்துவிட்டால் லண்டனிலிருந்து ஸ்டுட்கார்ட் திரும்ப வழியில்லை. பெட்டி மகள் வீட்டில், நீங்கள் ஹீத்ரூவில்.

பயணப்பிரியன்:

லண்டன் போய் வந்தால் 90 நாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்று கேள்விப்பட்டேனே? அப்புறம் ஏன் இவ்வளவு கணக்கு?

கணக்குப்பிள்ளை:

ஆரம்பிக்காது. பலர் மாட்டிக்கொள்வது இந்த நம்பிக்கையில்தான். "எந்த 180 நாளிலும் 90" என்பது விதி. நீங்கள் ஷெங்கனில் இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும். அதற்குள் எத்தனை நாள் உள்ளே இருந்தீர்கள் என்பதே கேள்வி. ஜனவரி–ஜூன், ஜூலை–டிசம்பர் என்று அரையாண்டு கிடையாது. இந்த 180 நாளை ஒரு ஜன்னலாக நினையுங்கள், அது தினமும் ஒரு நாள் நகரும்.

ஒருவர் ஏப்ரல் 15 முதல் ஜூலை 13 வரை சரியாக 90 நாள் இருந்துவிட்டார் என்று வையுங்கள். அவர் மறுபடி நுழையக்கூடிய முதல் நாள் அக்டோபர் 12. அக்டோபர் 11-ல் பின்னோக்கி எண்ணினால் 180-வது நாள் ஏப்ரல் 15-ல் போய் நிற்கும். பழைய 90 முழுதும் உள்ளே, அன்றைய நாளோடு 91. மறுநாள் ஏப்ரல் 15 ஜன்னலை விட்டு வெளியே போய்விடும், கணக்கு 90-ல் நிற்கும். ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்திலேயே இதற்கு இலவசக் கால்குலேட்டர் இருக்கிறது. தேதிகளைப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

முன்பெல்லாம் முத்திரைத் தேதிகளை அதிகாரி கண்ணால் பார்த்துக் கூட்டினார். 2025 அக்டோபர் 12 முதல் இ.இ.எஸ். என்ற பதிவு முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். விரல் ரேகையும் முகப்படமும் எடுத்து, நுழைந்த, வெளியேறிய தேதிகளைக் கணினியே எண்ணுகிறது. ஒரு நாள் தாண்டினாலும் திரையில் தெரியும். அடுத்த விசா விண்ணப்பத்தில் அது உங்களுக்கு எதிராக நிற்கும்.

நெக்கர்கரை:

விசா ஸ்டிக்கரைப் படிப்பது பற்றி ஒரு வார்த்தை. அதில் மூன்று இடத்தைப் பாருங்கள். முதலாவது, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை. இரண்டாவது, எத்தனை நுழைவு: 01, 02 அல்லது மல்ட் (பல முறை). மூன்றாவது, எத்தனை நாள். ஜெர்மனி ஒட்டுகிற ஸ்டிக்கரில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஜெர்மன் மொழியில் "டாகே" என்றிருக்கும், நாட்கள் என்று பொருள். தேதி வரம்பு பெரும்பாலும் நாட்களைவிட 15 நாள் அதிகமாக இருக்கும். பயணம் முன்பின் தள்ளினால் சமாளிக்கக் கொடுக்கும் இடைவெளி அது, தங்குவதற்கு அல்ல. 75 நாள் என்று எழுதி, தேதி வரம்பு 90 நாளுக்கு இருந்தால், 75 முடிந்ததும் கிளம்பியாக வேண்டும். நீங்கள் 90 கேட்டாலும் குறைத்துத் தரலாம். ஆகவே பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே இந்த எண்ணைப் பார்த்துவிட்டு அப்புறம் டிக்கெட்டை உறுதி செய்யுங்கள்.

இனி எத்தனை நாள் என்பதற்கு வருகிறேன். உங்கள் மகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 90-ஐ விளிம்பு வரை இழுக்காதீர்கள். ஜெர்மனியில் விமான நிலைய வேலைநிறுத்தம் அபூர்வமில்லை. 90-வது நாள் விமானம் ரத்தானால் அது உங்கள் தவறில்லைதான். ஆனால் விமான நிறுவனத்திடம் கடிதம் வாங்கி, வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஓடி, விளக்கம் சொல்வது உங்கள் வேலை. அங்கே விசாவை நீட்டிப்பது ஆஸ்பத்திரியில் கிடப்பது போன்ற தவிர்க்க முடியாத காரணத்துக்குத்தான். குறைந்தது ஐந்தாறு நாள் மிச்சம் வைப்பது புத்தி.

ஏப்ரல் 15 கொஞ்சம் சீக்கிரம். கோவை வெயிலிலிருந்து நேராக வந்தால் ஸ்டுட்கார்ட்டின் ஏப்ரல் இரவு எலும்பைத் தொடும். ஏப்ரல் கடைசி வாரம் வாருங்கள். மே 1-ல் தொடங்கி ஜூன் வரை விடுமுறைகள் வரிசை கட்டி வரும். ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஃப்ரோன்லைக்னாம் என்ற கிறிஸ்தவப் பண்டிகை வரும் வியாழக்கிழமையும் அரசு விடுமுறை. மகள் மறுநாள் வெள்ளி மட்டும் லீவு போட்டால் நான்கு நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கும். பெற்றோர் வரும்போது பிள்ளைகளுக்குப் பற்றாக்குறை பணம் அல்ல, லீவு நாள். மூன்றாவது மாதத்தில் அவள் காலையில் வேலைக்குப் போய்விடுவாள். நீங்கள் இருவரும் ஜன்னல் வழியே டிராமைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகளும் மூடியிருக்கும். அவள் சிரிப்புக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

போக்குவரத்துக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்துவிடுங்கள், 2026 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 63 யூரோ. நகரப் பேருந்து, டிராம், உள்ளூர் ரயில் எல்லாவற்றுக்கும் செல்லும். ஐ.சி.இ., ஐ.சி. விரைவு ரயில்களுக்குச் செல்லாது. அது காலண்டர் மாதச் சந்தா. நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10-ம் தேதிக்குள் சொல்ல வேண்டும், தவறினால் அடுத்த மாதத்துக்கும் பிடிப்பார்கள். மே, ஜூன் இரண்டும் முழு மாதமாக அமைந்தால் காசு வீணாகாது.

லண்டனை நடுவில் வைக்காமல் கடைசியில் வையுங்கள். போவது பிராங்க்பர்ட்டுக்கு, திரும்புவது லண்டனிலிருந்து சென்னைக்கு என்று ஒரே மல்டி-சிட்டி டிக்கெட். ஒரே நுழைவு விசா வந்தாலும் பயணம் கெடாது.

மருந்துப்பெட்டி:

மாத்திரை விஷயம். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை ஜெர்மனிக்குக் கொண்டுபோகலாம். அட்டையிலிருந்து பிய்த்து டப்பாவில் போடாதீர்கள். அட்டையோடு, பில்லோடு இருக்கட்டும். மருந்துச்சீட்டில் மெட்ஃபார்மின், டெல்மிசார்டன் என்று மூலப்பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். நம் ஊர் பிராண்ட் பெயர் அங்கே எந்த மருந்துக்கடையிலும் புரியாது. தூக்க மாத்திரை வகையறா இருந்தால் தனி விதி: மருத்துவர் சான்றுடன் 30 நாள் அளவுதான். இன்சுலின் இருந்தால் கைப்பையில் வையுங்கள், சரக்கு அறையில் உறைந்துபோகலாம்.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் முழுவதற்கும், தங்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும். இது விசாவுக்கான குறைந்தபட்சம். இதைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். இங்கே விற்கும் பல பாலிசிகளில் 60 வயதைத் தாண்டியவருக்கு அறை வாடகை, ஐ.சி.யு., அறுவை சிகிச்சை என்று தனித்தனி உச்சவரம்பு ஒளிந்திருக்கும். முகப்பில் 50,000 டாலர் என்றிருக்கும், உள்ளே ஒரு நாள் அறைக்கு அதில் சிறு துண்டுதான். ஏற்கெனவே உள்ள நோய்க்கு உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டுமே தருவார்கள். சர்க்கரை, பிரஷரை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கிளெய்ம் நிற்காது. கடைசியில் லண்டன் என்றால் அந்த நாட்களுக்கும் பாலிசி பொருந்துகிறதா பாருங்கள். ஷெங்கன் மட்டும் என்று எழுதிய பாலிசி அங்கே உதவாது.

பெட்டியில் நெய், பால்கோவா, கருவாட்டுக்கு நடுவே ஒளித்த மட்டன் ஊறுகாய் எல்லாம் வேண்டாம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரத் தடை. வேடிக்கை என்னவென்றால் தேங்காய் கொண்டுபோகலாம், பச்சைக் கறிவேப்பிலை கூடாது. தேங்காய், வாழை, அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஐந்துக்கும் தாவர நலச் சான்றிதழ் தேவையில்லை. கறிவேப்பிலைக்கு அந்த விலக்கு இல்லை. பொடி வகைகள் போதும்.

சிங்காநல்லூர்க்காரர்:

அனைவருக்கும் நன்றி. அப்படியானால் ஏப்ரல் 28 இறங்கி, ஜூலை 10 லண்டன், ஜூலை 20 சென்னை. சரியா? விண்ணப்பம் எப்போது போடுவது, எதை முதலில்? டிசம்பர் சாத்தியமா?

கணக்குப்பிள்ளை:

3 + 31 + 30 + 10 = 74 நாள். நல்ல அளவு.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஷெங்கனுக்கு விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாள் முன்பாவது போட வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், 45 நாள் வரையும் இழுக்கலாம். கோடைக்கு நேர்முக நேரம் கிடைப்பதே சிரமம், ஆகவே ஜனவரியிலேயே தொடங்குங்கள். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. பாஸ்போர்ட் ஷெங்கனை விட்டு வெளியேறும் தேதிக்கு மேல் மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும், பத்து வருடத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்.

ஷெங்கன் விசாவை முதலில் எடுங்கள். பிரிட்டன் விசாவுக்குப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும்; லண்டன் ஜூலை 10 என்றால் ஏப்ரல் 10-க்கு முன் முடியாது. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் போட்டால் பாஸ்போர்ட் ஓரிடத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

செலவை மகள் ஏற்பதானால் அவள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் "ஃபெர்ப்ஃலிஷ்டுங்ஸ்எர்க்ளேருங்" என்ற பொறுப்பேற்புப் பத்திரம் வாங்க வேண்டும். பெயரைச் சொல்லவே மூச்சு வாங்கும். அவளுடைய சம்பளச் சீட்டுகளைப் பார்த்துத் தருவார்கள், கட்டணம் 29 யூரோ. அசல் தாளை கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள், நகல் எடுபடாது. ஆறு மாதத்துக்கு மேல் பழையதானால் ஏற்க மாட்டார்கள், ஆகவே ரொம்ப முன்கூட்டியும் வாங்க வேண்டாம். அங்கே அந்தச் சந்திப்புக்கே வாரக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால் அவளை இப்போதே நேரம் பதியச் சொல்லுங்கள். உங்கள் ஓய்வூதியமும் வைப்புத்தொகையும் போதுமென்றால் இந்தப் பத்திரமே இல்லாமல் சொந்தக் கணக்கைக் காட்டியும் போடலாம்.

டிசம்பருக்கு நாள் இருக்கிறது. டிசம்பர் 15 அன்று பின்னோக்கி 180 எண்ணினால் ஜூன் 19-ல் நிற்கும். ஜூன் 19 முதல் ஜூலை 10 வரை 22 நாள் மட்டுமே உள்ளே, மிச்சம் 68. ஒரு மாதத்துக்குத் தாராளம். இல்லாதது விசா: முதல் விசா பெரும்பாலும் ஜூலையிலேயே முடிந்திருக்கும், புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். விரல் ரேகை 59 மாதத்துக்குச் செல்லும், மறுபடி கொடுக்க வேண்டியிருக்காது. அந்த இரண்டாவது விசாவையும் ஒழுங்காகப் பயன்படுத்திவிட்டால், மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா என்ற கணக்கில், 2024-ல் இந்தியர்களுக்காகக் கொண்டுவந்த விதிப்படி இரண்டு வருட மல்டிபிள் விசா கேட்கலாம். அதற்காகவே முதல் பயணத்தில் ஒரு நாள் கூடப் பிசகக்கூடாது என்கிறேன். ஓய்வூதியம் வாங்குபவரானால் நவம்பர் வாழ்நாள் சான்றை முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.