கிளப்பில் சேராமல் ஹேண்டிகேப் வாங்க முடியுமா?

ரெடிங்வாசி:
முழங்கால் போனதால் கிரிக்கெட்டை விட்டுவிட்டு இரண்டு வருஷமாக கோல்ஃப். இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் சனிக்கிழமை காலையில் காசு கட்டி ஆடும் ஆள் நான். கிளப் சந்தாவுக்கு வீட்டில் அனுமதி கிடையாது. ஜூனில் ஆபீஸ் போட்டி. படிவத்தில் 'ஹேண்டிகேப் இண்டெக்ஸ்' (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைவாக இருந்தால் நல்ல ஆட்டம்) கட்டத்தில் "24 இருக்கும்" என்று எழுதினேன், அத்தாட்சி கேட்டுத் திருப்பிவிட்டார்கள். பழைய ஸ்கோர் கார்டு பதினான்கு வைத்திருக்கிறேன். அதை அனுப்பினால் போதுமா? இன்னொன்று, போன வாரம் ஏழாவது ஹோலில் இரண்டு பந்து குளத்துக்குள். நான்கு அடியில் முடிக்க வேண்டிய 'பார் 4'-க்கு 11 அடித்தேன். அதையும் காட்டணுமா?

ஹாரோ அண்ணை:
தம்பி, அந்தப் பதினாலையும் மறந்துவிடுங்கோ. ஆடத் தொடங்க முதலே "இந்த ரவுண்ட் ஹேண்டிகேப்புக்கு" எண்டு ஆப்பில பதிய வேணும். நல்லா ஆடின பிறகு பதியுறது எடுபடாது. கிளப் இல்லாத ஆக்களுக்கெண்டே 'இங்கிலாந்து கோல்ஃப்' அமைப்பு 2021-ல 'ஐகோல்ஃப்' தொடங்கினது. அதில சேருங்கோ. மொத்தம் 54 ஹோல் காணும்: மூண்டு பதினெட்டு, இல்லாட்டி ஆறு ஒன்பது. கூட ஆடுற ஒராள் உங்கட கார்டை உறுதிப்படுத்த வேணும். நான் முதல் ரவுண்டைத் தனிய ஆடிப்போட்டு வந்தனான். நாலு மணித்தியாலம் மழைக்குள்ள, எல்லாம் வீண்.

பங்கர்வாசி:
போன வாரக் கார்டு சேராது, ஆனால் இனி அப்படி வந்தால் 11 என்றே போடுங்கள். இண்டெக்ஸ் வராதவருக்கு ஒரு ஹோலில் பார் கூட்டல் 5 தான் உச்சம், அதனால் கணக்கில் அது 9 ஆகிவிடும்.

என் முதல் மூன்று கார்டு இப்படிக் கழித்த பிறகு 118, 109, 112. அந்த மைதானத்தின் கோர்ஸ் ரேட்டிங் (தேர்ந்த ஆட்டக்காரர் அடிக்கக்கூடிய கணக்கு) 70.4, ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கடினம் என்ற எண்) 125. மூன்றில் சிறந்தது 109. அதில் 70.4 போக 38.6, அதை நடுத்தர ஸ்லோப்பான 113-ஆல் பெருக்கி 125-ஆல் வகுத்தால் 34.9. மூன்று கார்டுதான் என்றால் அதிலிருந்து இன்னும் 2 கழிப்பார்கள். ஆக 32.9. நானும் அதுவரை "22, 23 இருக்கும்" என்று சொல்லித் திரிந்தவன்தான்! அன்று ராத்திரி வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இண்டெக்ஸின் உச்சவரம்பு 54 என்பதால் பயப்பட வேண்டாம். 20 கார்டு சேர்ந்த பிறகு சிறந்த எட்டின் சராசரி, அப்போதுதான் எண் நிலைக்கு வரும்.

ரெடிங்வாசி:
அப்போ என் 24 வெறும் வாய்க்கணக்கு. சேர்ந்துவிட்டேன், சனிக்கிழமை முதல் கார்டு. மஞ்சள் டீயா (முதல் அடி அடிக்கும் இடம்), வெள்ளையா?

ஹாரோ அண்ணை:
மஞ்சள். ஆப்பிலயும் மஞ்சளையே அமத்துங்கோ, ஒவ்வொரு டீக்கும் ரேட்டிங் வேற. குளத்துக்கு ரெண்டு பழைய பந்து கொண்டு போங்கோ.