லாம்ப்ராகிஸ் பெர்லினில் பதக்கம் வாங்கவில்லையாம்!

தடகளப் பித்தன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "கிரேக்கத்தின் கிரிகோரிஸ் லாம்ப்ராகிஸ் ஒரு சுமாரான விளையாட்டு வீரர், அந்தப் பெயரை வைத்து எம்.பி. ஆனார், கொலை செய்யப்பட்டதால் பெரிய ஆளாகிவிட்டார்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நீளம் தாண்டுதலில் கிரேக்க தேசிய சாதனை 1936 முதல் 1959 வரை, 23 வருடம், இந்த மனிதரின் பெயரில் இருந்தது. பால்கன் போட்டிகளில் வாங்கிய தங்கங்கள் தனிக்கணக்கு. டெகேயா பக்கம் ஒரு கிராமத்தில் 1912-ல் பிறந்து, மருத்துவம் படித்து, ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவம் சொல்லிக்கொடுத்தவர், ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர். இவரைச் சுமார் என்று எழுத எப்படிக் கை வந்தது?

கறார் கந்தன்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். ஒரே கேள்வி. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டாரே, பதக்கம் உண்டா இல்லையா?

தடகளப் பித்தன்:
அந்த வருடம் நீளம் தாண்டுதலில் தங்கம் வாங்கியது ஜெஸ்ஸி ஓவன்ஸ், 8.06 மீட்டர். அந்தக் களத்தில் பதக்கம் வாங்காதவர்கள் எல்லாம் சுமார் என்றால் உலகத்தில் பாதிப் பேர் சுமார்தான். ஒரு நாட்டில் 23 வருடம் ஒருத்தராலும் தாண்ட முடியாத தூரத்தைத் தாண்டியிருக்கிறார், அதற்கு என்ன பதில்?

கறார் கந்தன்:
ஆக, பதக்கம் இல்லை. அதைச் சொல்ல இவ்வளவு நீளமா? 23 வருடம் சாதனை நின்றது என்றால் மற்றவர்கள் மோசம் என்றும் அர்த்தம் உண்டு. நடுவில் உலகப் போர், நாஜி ஆக்கிரமிப்பு, அப்புறம் உள்நாட்டுப் போர். எவன் போய்ப் பயிற்சி எடுப்பான்?

தடகளப் பித்தன்:
ஆக்கிரமிப்பை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. மக்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், மற்ற வீரர்களைச் சேர்த்துக்கொண்டு போட்டிகள் நடத்தி, வசூலான பணத்தைச் சாப்பாட்டுக்குக் கொடுத்தவர் இவர். போட்டிக் களத்தை விட்டு இறங்கி எத்தனையோ வருடம் கழித்து, 1961-ல், 49 வயதில்தான் எம்.பி. ஆனார். பிரேயஸ் துறைமுகத்து மக்கள் 25 வருடத்துக்கு முந்தைய தாண்டுதலுக்கா ஓட்டுப் போட்டார்கள்? தங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்குப் போட்டார்கள்.

கறார் கந்தன்:
சாதனை உடைந்தது 1959, தேர்தல் 1961. அப்படியானால் பெயர் மக்கள் வாயில் சூடாக இருந்த நேரம்தானே? நீங்கள் கொடுத்த கணக்கேதான். பெர்லின் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

செங்குருவி:
இரண்டு பேருக்கும் வெட்கமாக இல்லையா? மனிதரைக் கொன்றது அவர் எவ்வளவு தூரம் தாண்டினார் என்பதற்காகவா? 1963 ஏப்ரல் 21, மாரத்தான் என்ற ஊரிலிருந்து ஏதென்சுக்கு அமைதிப் பேரணி. போலீஸ் தடை போட்டு, இசையமைப்பாளர் மிகிஸ் தியோடோராகிஸ் உட்பட ஏகப்பட்ட பேரைப் பிடித்துக்கொண்டு போனது. எம்.பி. என்ற பாதுகாப்பு இருந்ததால் லாம்ப்ராகிஸ் தன்னந்தனியாகப் பதாகையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒரு மாதம்கூட சும்மா விடவில்லை. மே 22, தெசலோனிகியில் கூட்டம் பேசிவிட்டு வெளியே வந்தவரை, போலீஸ் சுற்றி நிற்கும்போதே, மூன்று சக்கர சரக்கு வண்டியில் வந்து தலையில் அடித்தார்கள். ஐந்து நாள் கழித்து உயிர் போனது. இதைப் பேசுங்கள். அந்தக் கொலைதான் பிரதமர் காரமன்லிஸ் அரசைக் கவிழ்த்தது.

பழைய பேப்பர்:
செங்குருவி, வழக்கம்போல முடிச்சுப் போடுகிறீர்கள். காரமன்லிஸ் ஜூனில் ராஜினாமா செய்தது அரண்மனைத் தகராறில். அரச தம்பதியின் லண்டன் பயணத்தைத் தள்ளிப்போடச் சொன்னார், அவர்கள் கேட்கவில்லை, விட்டுப் போனார். போன மாதம் மரடோனா விவாதத்திலும் ஆதாரம் கேட்டதும் இப்படித்தான் கொடியைத் தூக்கினீர்கள்.

செங்குருவி:
மரடோனாவை ஏன் இழுக்கிறீர்கள்? கொலை நடந்து இரண்டு வாரம்கூட முழுதாகத் தாண்டாத நேரத்து ராஜினாமா. சவ ஊர்வலத்தில் ஏதென்சில் திரண்ட கூட்டத்தைப் பார்த்தும் அந்த அரசாங்கத்துக்கு நடுக்கமே இல்லை என்கிறீர்களா?

பழைய பேப்பர்:
மே 27 சாவு, ஜூன் 11 ராஜினாமா. முதலில் விரல்விட்டு எண்ணுங்கள், பிறகு வரலாறு எழுதலாம்.

தடகளப் பித்தன்:
உங்கள் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இது விபத்து என்று அதிகாரிகள் மூடப்பார்த்தார்கள். விசாரணை நீதிபதி கிறிஸ்டோஸ் சார்ட்செடாகிஸ் விடவில்லை, தோண்டினார். 1967-ல் ராணுவ ஆட்சி வந்ததும் அவரை வேலையிலிருந்து துரத்தி, சிறையிலும் போட்டார்கள். அதே மனிதர் 1985-ல் நாட்டின் ஜனாதிபதி. ஒரு சுமாரான ஆளின் வழக்குக்காக இவ்வளவு பேர் வாழ்க்கையைப் பணயம் வைப்பார்களா கந்தன்?

கறார் கந்தன்:
நீதிபதி பெரிய மனிதர், மறுக்கவில்லை. நான் பேசுவது வீரரைப் பற்றி. பைரோஸ் டிமாஸைப் பாருங்கள். பளு தூக்குதலில் 1992, 1996, 2000 மூன்று ஒலிம்பிக் தங்கம், 2004-ல் ஏதென்சிலேயே வெண்கலம். 2012-ல் பாசோக் கட்சி எம்.பி. அவரை விளையாட்டு வீரராக இருந்து அரசியலுக்கு வந்தவர் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். பெர்லினில் வெறுங்கையோடு திரும்பியவரை அந்த வரிசையில் வைக்காதீர்கள்.

தடகளப் பித்தன்:
அப்படியானால் சோபியா சகோராபாவை எங்கே வைப்பீர்கள்? 1982-ல் ஈட்டி எறிதலில் 74.20 மீட்டர், உலக சாதனை. ஒலிம்பிக் பதக்கம் கிடையாது. 2010-ல் கிரேக்க அரசு வெளியே வாங்கிய கடனுக்கான ஒப்பந்தத்துக்கு ஓட்டுப் போட மாட்டேன் என்று சொந்தக் கட்சியான பாசோக்கை எதிர்த்து நின்று, கட்சியை விட்டு நீக்கப்பட்டவர். உங்கள் அளவுகோலில் அவரும் சுமாரா? அன்றைக்கு உலகத்திலேயே அதிக தூரம் எறிந்த பெண் சுமாரா? பதில் சொல்லிவிட்டு மேலே போங்கள். பதக்கம் பதக்கம் என்று நீங்கள் ஒரே இடத்தில் நிற்பது, அந்த மனிதர் உயிரைக் கொடுத்த விஷயத்தைப் பற்றிப் பேச விருப்பமில்லாததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கிரேக்கர்கள் ஏதென்ஸ் மாரத்தானையே அவர் நினைவுக்குச் சமர்ப்பித்து ஓடுகிறார்கள்.

கறார் கந்தன்:
உலக சாதனை வேறு, உள்நாட்டுச் சாதனை வேறு. மாரத்தானை அவருக்குச் சமர்ப்பித்தது அமைதிக்காக நடந்ததற்கு, தாண்டியதற்கு அல்ல. இதைத்தானே நேற்றிலிருந்து சொல்கிறேன்?

செங்குருவி:
இதைத்தான் நானும் சொன்னேன், அப்போது ஒருவரும் காதில் வாங்கவில்லை.

பழைய பேப்பர்:
நீங்கள் சொன்னது காரமன்லிஸ் கதை. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

தடகளப் பித்தன்:
23 வருடம் கந்தன். 23 வருடம். இதற்குப் பதில் வராமல் இந்தப் பேச்சை நான் விடுவதாக இல்லை.

கறார் கந்தன்:
பெர்லின்?