ஸ்டீராய்டில் இருக்கும் பூனை: எடை ஏறுது, ஆனா முதுகெலும்பு இன்னும் தட்டுப்படுது

சாம்பல்வால் (முத்தியால்பேட்டை)

எல்லாருக்கும் வணக்கம். நாட்டுப் பூனை, ஆண், கருத்தடை பண்ணினது, 7 வயசு. போன வருஷம் 4.4 கிலோ இருந்தது, மெல்ல மெல்ல 3.2-க்கு இறங்கிடுச்சு. வாரத்துல மூணு நாலு வாந்தி, மோஷன் தண்ணியா நிறையப் போகும். மலம் மூணு தடவை பார்த்தாச்சு, புழுவும் இல்லை, ஜியார்டியாங்கற குடல் ஒட்டுண்ணியும் இல்லை. டி4 (தைராய்டு), சுகர், கிட்னி எல்லாம் நார்மல். ஸ்கேன்ல சிறுகுடல் சுவர் தடிச்சிருக்குன்னு வந்துச்சு. நாட்பட்ட குடல் அழற்சின்னு டாக்டர் ப்ரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு) 5 மி.கி. தினம் ஒரு வேளை ஆரம்பிச்சு 5 வாரம் ஆகுது. வாந்தி நின்னுடுச்சு. மோஷன் பாதி கட்டி, பாதி கூழ்.

எடை இப்போ 3.5. ஆனா ஏறினது எல்லாம் வயித்துல போய் உட்கார்ந்த மாதிரி இருக்கு. முதுகுல கை வெச்சா எலும்பு அப்படியே தட்டுப்படுது.

சாப்பாடு: கேஸ்ட்ரோஇன்டெஸ்டினல் ட்ரை ஃபுட் கிண்ணத்துல எப்பவும் கிடக்கும். ராத்திரி மீன் வேகவெச்சு சோத்துல பிசைஞ்சு. சாயங்காலம் அம்மா கொஞ்சம் பால் ஊத்துவாங்க (நிறுத்தச் சொன்னா கோவிச்சுக்கறாங்க). 4.2-க்குக் கொண்டு வரணும்னா எவ்வளவு போடணும்? பி12 ஊசி போடச் சொல்லியிருக்காங்க, அதுக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்?

பழைய_கம்பவுண்டர் (லாஸ்பேட்டை)

சாப்பாட்டுக் கணக்குக்கு முன்னாடி அந்த வயித்தைப் பார்த்துடுவோம். வயிறு பெருத்து முதுகு வத்தின பூனைக்குத் தராசு பொய் சொல்லும். ஸ்டீராய்டு பசியைக் கூட்டும், கொழுப்பை ஏத்தும், அதே நேரத்துல தசையைக் கரைக்கும். வயித்துச் சுவர்த் தசை தளர்ந்தாலே வயிறு தொங்கும். உங்க 300 கிராம்ல தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவுன்னு தராசுக்குத் தெரியாது. ஆனா இதையெல்லாம் ஸ்டீராய்டு மேல போடறதுக்கு முன்னாடி வயித்துல நீர் கோத்திருக்கான்னு ஒரு தடவை ஸ்கேன்ல பார்த்துடுங்க, கூடவே ரத்தத்துல ஆல்புமின்ங்கற புரதத்தோட அளவு. குடல் வழியா புரதம் கசிஞ்சாலும் நீர் கோக்கும், எஃப்ஐபி-யிலும் (பூனைக் கொரோனா வைரஸால வர்ற நோய்) கோக்கும். அப்படி இருந்தா சாப்பாடு கூட்டுறது வைத்தியமே இல்லை.

இனிமே வாரம் ஒரு நாள் ரெண்டு விஷயம் எழுதி வையுங்க.

எடை: ஆள் ஏறி நிக்கிற மெஷின்ல பூனையைத் தூக்கிக்கிட்டு நின்னு கழிக்கிற கணக்கு வேண்டாம். அது பெரும்பாலும் 100 கிராம் படியிலதான் காட்டும். இந்தப் பூனை வாரத்துக்கு 20லிருந்து 35 கிராம் ஏறினாலே நல்ல ஏற்றம், அது அந்த மெஷின்ல விழவே விழாது. 10 கிலோ தாங்குற சமையல்கட்டு டிஜிட்டல் தராசு போதும். மேல ஒரு பிளாஸ்டிக் கூடையை வெச்சு பூஜ்யம் பண்ணிட்டு பூனையை உள்ள விடுங்க. காலையில மண் தட்டுக்குப் போய் வந்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்னாடி. அப்பவும் 50 கிராம் முன்னப்பின்ன ஆகும், பதறாதீங்க. நாலு வாரப் போக்கைப் பாருங்க. ரெண்டு வாரத்துல 5 சதவீதம், அதாவது 3.5-ல 175 கிராம், இறங்கினா டாக்டருக்குச் சொல்லணும்.

தசை: முதுகெலும்பு ரெண்டு பக்கமும், தோள்பட்டை எலும்பு மேலயும், இடுப்பு மேலயும், நெத்திக்குப் பக்கவாட்டுலயும் விரல் நுனியால தடவுங்க. முதுகெலும்போட பக்க முனைகள் ஒவ்வொண்ணா எண்ற மாதிரி இருந்தா தசை போயிருக்கு. 'கூர்மை, நடுத்தரம், மூடியிருக்கு'ன்னு மூணே வார்த்தையில குறிச்சா போதும். எப்பவும் ஒரே ஆள் தடவணும், ஆளுக்கு ஆள் விரல் மாறும்.

இப்போ அளவு. ஓய்வுல இருக்கிற பூனைக்கு ஒரு நாள் தேவை: எடையோட 0.75 அடுக்கை 70-ஆல பெருக்கினது. 3.5 கிலோவுக்கு சுமார் 180 கிலோகலோரி, 4.2 கிலோவுக்கு சுமார் 205. எடை ஏறணும்னா 205-ஐ 1.2-ஆல பெருக்கி, 245 பக்கம் போகணும். நேரா அங்க தாவாதீங்க. முதல்ல மூணு நாள் இப்போ உண்மையில எவ்வளவு தின்னுதுன்னு எடை போட்டுப் பாருங்க. எப்பவும் கிடக்கிற கிண்ணத்துல யாருக்கும் கணக்கு தெரியாது. அப்புறம் 220-ல நிறுத்துங்க. ட்ரை ஃபுட் பெரும்பாலும் ஒரு கிராமுக்கு 3.5லிருந்து 4.2 கிலோகலோரி, 85 கிராம் பவுச் 60லிருந்து 90. பாக்கெட்ல அச்சடிச்சதைப் பார்த்துப் போடுங்க. உத்தேசமா 38 கிராம் ட்ரையும் ஒரு பவுச்சும் வரும். அதை அஞ்சு வேளையா பிரிங்க. அழற்சி இருக்கிற குடல்ல ஒரே நேரத்துல நிறைய இறக்கினா ஜீரணமாகாதது பெருங்குடலுக்குப் போய் மோஷனைத் தண்ணியாக்கும், போட்டது அப்படியே வெளிய. ரெண்டு வாரம் மோஷன் கெடாம இருந்தா 10 சதவீதம் ஏத்துங்க. மோஷன் இளகினா ஏத்தினதை இறக்குங்க.

பால் இன்னிக்கே நிக்கணும். வளர்ந்த பூனைகள்ல பலதுக்கு லாக்டோஸ் செரிக்காது. குடல் சுவர் கெட்டிருந்தா இன்னும் மோசம். அம்மாகிட்ட அதே நேரத்துக்கு வேற ஒரு வேலை கொடுங்க: அந்தச் சாயங்கால வேளைக்கான எட்டு கிராம் ட்ரையை அவங்க கையால போடட்டும். சோறு பூனைக்கு விஷமில்லை, ஆனா வெறும் மாவுச்சத்து. வயித்தை நிரப்பி, தசைக்கு வேண்டிய புரதத்தோட இடத்தைப் பிடிச்சுக்கும்.

ஓ.டி.துறைமுகம் (கடலூர்)

கம்பவுண்டர் அண்ணன் அளவைச் சொல்லிட்டாரு, நான் மீனைப் பத்திச் சொல்றேன்.

கேஸ்ட்ரோஇன்டெஸ்டினல் ஃபுட்ங்கறது சுலபமா செரிக்கிற சாப்பாடு, அவ்வளவுதான். ஒவ்வாமைக்கான சாப்பாடு அது கிடையாது. நாட்பட்ட பேதி பூனைகள்ல கணிசமானது வெறும் புரதத்தை மாத்தினாலே சரியாகும், ஸ்டீராய்டே வேண்டியதில்லை. உங்களுது அந்த வகையான்னு இன்னும் யாரும் பார்க்கலை. பால், மீன், கோழி கலந்த பாக்கெட்டுன்னு எல்லாமே உள்ள போயிட்டிருக்கு. நம்ம கடற்கரைப் பூனைக்கு மீன் புதுசு இல்லை, பிறந்ததுலேருந்து சூடை, மத்தி, நெத்திலிதான். பூனைக்கு அடிக்கடி ஒத்துக்காமப் போறது மாட்டிறைச்சி, மீன், கோழி, இந்த மூணும்தான்.

அதனால டாக்டரைக் கேட்டு ஹைட்ரோலைஸ்டு புரோட்டீன் ஃபுட்டுக்கு (ஒவ்வாமை வராத அளவுக்குப் புரதத்தைப் பொடிப்பொடியா உடைச்சது) மாறுங்க. 7லிருந்து 10 நாள்ல, கால் பங்கு, அரைப் பங்குன்னு கலந்து. மாறி முடிச்சதும் வேற எதுவும் வாயில போகக் கூடாது. குடல் விஷயத்துல பலன் இருந்தா பொதுவா ரெண்டு வாரத்துக்குள்ள தெரியும், தோல் அரிப்பு மாதிரி ரெண்டு மாசம் காக்க வேண்டியதில்லை. மாத்துற சமயத்துல ஸ்டீராய்டு அளவைத் தொடாதீங்க. ரெண்டையும் ஒண்ணா அசைச்சா எதால நல்லாச்சு, எதால கெட்டுச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

அந்த ஃபுட்டை மோந்து பார்த்துட்டுப் போயிட்டா, இதுவரை திங்காத கறி ஒண்ணை எடுத்துக்கணும். முயல் கிடைச்சா நல்லது, ஆட்டுக்கறி ருசியே தெரியாத பூனைன்னா ஆட்டுக்கறி. காடை வேண்டாம், அதுவும் கோழி இனம். வெங்காயம், பூண்டு, உப்பு எதுவும் படாம வேகவெச்சது. வெங்காயமும் பூண்டும் பூனையோட சிவப்பணுவையே உடைக்கும், குழம்புல வெந்த துண்டைக் கழுவிப் போட்டாலும் அதே கதைதான். வெறும் கறியில கால்சியம் கிடையாது, பூனைக்கு அவசியமான டாரின்ங்கற சத்தும் வேகவெச்ச தண்ணியில போயிடும். ரெண்டு வாரச் சோதனைக்கு ஓடும். அதுக்கு மேல போகணும்னா தாதுக் கலவை டாக்டர் எழுதித் தரணும்.

மாடி வழியா வெளிய போற பூனையா? அப்போ சோதனை செல்லாது. தெருமுனையில மீன் அரியறவங்க எறியற ஒரு குடல் போதும். அதோட பல்லி. வெப்பநாட்டுப் பூனைக்குப் பல்லி தின்னு பித்தநாளத்துல ஒரு தட்டைப்புழு வர்றதுண்டு. எடை இறங்கும், வாந்தி வரும், சில சமயம் மஞ்சள் காமாலை. வழக்கமான புழு மாத்திரை அளவுக்கு அது சாகாது. பல்லி பிடிக்கிற பூனைன்னா டாக்டர்கிட்ட அதைத் தனியாச் சொல்லுங்க.

பச்சை மீன் போடறவங்க இதைப் படிச்சா: மத்தி, நெத்திலி மாதிரி மீன்கள்ல பி1 வைட்டமினை அழிக்கிற ஒரு நொதி இருக்கு, வேகவெச்சாத்தான் அது போகும். பழகிப்போச்சுன்னு பச்சையாவே தினம் போட்டா பூனை தலை குனிஞ்சு தள்ளாடும்.

பரங்கிப்பூ (அரியாங்குப்பம்)

மோஷன் கூழா இருந்தா பரங்கிக்காய் வேகவெச்சு மசிச்சு ஒரு ஸ்பூன், எடைக்கு நெய் அரை ஸ்பூன். எல்லாரும் சொல்றதுதானே?

பழைய_கம்பவுண்டர் (லாஸ்பேட்டை)

பரங்கிக்காய் பெருங்குடல் கோளாறுக்கு. அடிக்கடி முக்கி, கொஞ்சம் கொஞ்சமா, சளியோட, சில சமயம் சிவந்த ரத்தத்தோட போற பூனைக்கு நார்ச்சத்து உதவும். இங்க நிறையப் போகுது, எடை இறங்குது, வாந்தி இருந்தது: சிறுகுடல். இளைச்ச பூனைக்கு நாரைக் கொடுத்தா வயிறு நிரம்பும், கலோரி குறையும்.

நெய்யைப் பொறுத்தவரை பாதி ஒத்துக்கறேன். நாய்க்குப் பயப்படற அளவுக்குப் பூனைக்குக் கொழுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம், பேதிப் பூனைக்கும் பெரும்பாலும் கொழுப்பைக் குறைக்க அவசியமில்லை. ஆனா நெய் தசையை வளர்க்காது. ஒரு டீஸ்பூன் 40 கிலோகலோரிக்கு மேல, அந்த அளவுக்குப் புரதச் சாப்பாட்டைப் பூனை அன்னிக்குத் திங்காம விட்டுடும். சாம்பல்வால் பூனைக்குப் பத்தாதது புரதம்தான், நெய் இல்லை. தவிர, சோதனைச் சாப்பாட்டுல பால் சம்பந்தப்பட்ட எதுவும் சேரக் கூடாது.

சாம்பல்வால் (முத்தியால்பேட்டை)

ரொம்ப நன்றிண்ணா. மாடிக் கதவு சாத்தியாச்சு. ஊசியை வீட்டுலயே போடலாம்னாங்க. மருந்துக்கடையில ரெண்டு மாதிரி ஆம்பூல் காட்டுறாங்க, சிரிஞ்சும் ரெண்டு மாதிரி இருக்கு. எது? ஸ்டீராய்டு எப்போ குறைப்பாங்க?

பழைய_கம்பவுண்டர் (லாஸ்பேட்டை)

பி12-ஐ உறிஞ்சறது சிறுகுடலோட கடைசிப் பகுதி. அங்க அழற்சி இருந்தா உறிஞ்சாது. பி12 குறைஞ்சா பசி போகும், குடல் செல் புதுசா வளராது, எவ்வளவு கொட்டினாலும் எடை ஏறாது. எடை ஏறாத குடல் பூனைக்கு முதல்ல பார்க்க வேண்டிய ரத்தச் சோதனைகள்ல அதுவும் ஒண்ணு.

வழக்கமான அளவு 250 மைக்ரோகிராம், தோலுக்கு அடியில, வாரம் ஒரு தடவை, ஆறு வாரம். அப்புறம் ஒரு மாசம் விட்டு ஒண்ணு, அதுக்கு ஒரு மாசம் கழிச்சு ரத்த அளவு. ஊசியே ஆகாதுன்னா தினம் 250 மைக்ரோகிராம் மாத்திரையும் வேலை செய்யும்.

ஆம்பூல்ல 'ஒரு மில்லிக்கு எவ்வளவு'ன்னு மட்டும் பாருங்க. 1000 மைக்ரோகிராம்னா கால் மில்லி, 500-ன்னா அரை மில்லி. பி1, பி6 கலந்த சிவப்பு ஊசியைக் கொடுத்தா வாங்காதீங்க, ரொம்ப எரியும், அடுத்த வாரம் பூனை கைக்கே வராது.

இன்சுலின் சிரிஞ்சுலதான் தப்பு நடக்கும். யு-100-ல ஒரு மில்லிக்கு 100 கோடு, கால் மில்லின்னா 25. யு-40-ல ஒரு மில்லிக்கு 40 கோடு, கால் மில்லின்னா 10. யு-40-ல 25 வரை இழுத்தா ரெண்டரை மடங்கு போகும். பி12 அதிகமானா ஆபத்து ஒண்ணும் பெருசா இல்லை, ஆனா இந்தப் பழக்கத்தோட நாளைக்கு இன்சுலின் போட நேர்ந்தா உயிர் போயிடும். ஸ்டீராய்டுப் பூனைக்கு அந்த நாள் வராதுன்னு சொல்ல முடியாது. ஒரு நாள் குடிக்கிற தண்ணியை அளந்து வையுங்க. கிலோவுக்கு 50 மில்லியைத் தொடர்ந்து தாண்டினா சுகர் பார்க்கணும்.

ஸ்டீராய்டு: மோஷன் ரெண்டு மூணு வாரம் கட்டியா நின்ன பிறகு டாக்டர் படிப்படியா, பொதுவா ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு படி, குறைப்பாங்க. நீங்களா நிறுத்தாதீங்க, திடீர்னு நிறுத்தினா உடம்பு தானா சுரக்கிற ஸ்டீராய்டு எழுந்து வர நாளாகும். சாப்பாடு, பி12 ரெண்டும் சரியா நடந்தும் எடை இறங்கினா குடல் லிம்ஃபோமாவா (ஒரு வகைப் புற்றுநோய்) இருக்கலாம், பயாப்ஸி (குடல் திசுவை எடுத்துப் பார்க்கிறது) பேச்சு எடுக்கணும். குரும்பாபேட் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரிக்குப் போறீங்கன்னா அந்த எடை நோட்டையும் ஸ்கேன் படத்தையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

ஓ.டி.துறைமுகம் (கடலூர்)

ஒண்ணு விட்டுப்போச்சு. புது ஃபுட்டைத் தொடாம பட்டினி கிடந்தா 'பசிச்சா தானா தின்னும்'னு விடாதீங்க, அது நாய்க்குச் சொல்றது. ஒரு நாள் முழுக்க ஒண்ணும் திங்கலைன்னா டாக்டருக்கு ஃபோன். ரெண்டு மூணு நாள் தாண்டினா கல்லீரல்ல கொழுப்பு ஏறிடும். பசிக்கு மிர்டாசபைன் எழுதினா பூனைக்கு 1.88 மி.கி. பக்கம்தான், 7.5 மி.கி. மாத்திரையில கால். ஏற்கனவே சைப்ரோஹெப்டடைன் (அதுவும் பசி மருந்து) கொடுத்திட்டிருந்தா சொல்லிடுங்க, ஒண்ணோட வேலையை இன்னொண்ணு கெடுக்கும்.

ஐப்பசி பிறக்கறதுக்குள்ள மூணு வார ஃபுட் வாங்கி வெச்சுடுங்க. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மாதிரி ஒண்ணு கரையேறினா இந்தப் பக்கம் கூரியர் வராது, கடையில இருக்கிற ஏதோ ஒரு பாக்கெட்டுக்கு மாத்தினா ரெண்டு மாச உழைப்பு ஒரே வாரத்துல பேதியாப் போயிடும். பாக்கெட்டோட டப்பாவுல வையுங்க, வெறும் டப்பாவுல கொட்டினா மழைக் காத்துல கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும். எறும்புக்குத் தண்ணித் தட்டு நடுவுல கிண்ணம்.