வீட்டோடு இருக்கும் சபையாரைச் சந்திப்பது குறித்து ஆலோசனை தேவை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரத்தில், நோயாளிகளையும் வெளியே வர இயலாத முதியோரையும் சந்திக்கும் குழுவில் இருக்கிறேன். நாங்கள் 11 பேர். செல்ல வேண்டிய வீடுகள் 26.

சென்ற மாதம், பக்கவாதத்தால் படுத்திருக்கும் ஒரு பாட்டியம்மாள் வீட்டுக்கு ஒன்பது பேராகப் போய், நான்கு பாட்டுப் பாடி, ஆளுக்கொரு ஜெபம் செய்து முடிப்பதற்குள், சிறுநீர் கழிக்க உதவி கேட்கக் கூச்சப்பட்டு அவர் போர்வை நுனியைக் கசக்கிக்கொண்டே இருந்ததை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். அன்றிலிருந்து இரண்டு பேர், அரைமணி நேரம் என்று வைத்துக்கொண்டோம்.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது தெரியும். ஆனால் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கு, முதுகு பிடித்துக்கொள்ளாமல் அதைச் செய்யும் முறையைச் சொல்லிக்கொடுக்க எங்களில் யாருக்கும் தெரியாது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வலிநிவாரண சிகிச்சையும் வீட்டுக்கே வருவதால், அந்தப் பணியாளர்களோடு சேர்ந்து செயல்பட்ட சபையார் இருந்தால், எப்படி அணுகினீர்கள் என்று எழுதுங்கள்.

இன்னொன்று, துக்க வீடுகள். அடக்க ஆராதனைக்கு ஊரே வருகிறது. மூன்றாம் மாதம் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அப்போது போனால் என்ன பேசுவது? இறந்தவரின் பெயரை நாமாக எடுக்கலாமா? (எடுக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.) அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குழு கூடுகிறது, அதற்கு முன் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.