அப்பாவின் கண்ணில் சதை திரும்ப வளர்கிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ

அப்பாவுக்கு 61 வயது, திருகோணமலை திருக்கடலூரில் கரைவலை மீன்பிடித் தொழில். வெயிலும் உப்புக்காற்றும் மணலும்தான் வாழ்க்கை. வலது கண்ணில் மூக்குப் பக்கம் முக்கோணமாகச் சதை வளர்ந்து, 2023இல் வெளி மாவட்டத்தில் ஒப்பரேஷன் செய்து எடுத்தோம். டெரிஜியம் என்றார்கள். அப்போது சதையை வெட்டியதோடு சரி, அந்த இடத்தில் ஒட்டு எதுவும் வைக்கவில்லை.

ஒரு வருஷத்துக்குள் திரும்ப வந்துவிட்டது. இப்போது முன்னதைவிடத் தடிப்பு, சிவந்த நரம்புகளோடு கருவிழிக்கு மேலே ஏறி நிற்கிறது. கண் உறுத்துகிறது, பின்னேரமானால் மிளகாய்ப்பழம் மாதிரிச் சிவந்துவிடும். சிலிண்டர் பவர் (கருவிழி வளைவு சீரில்லாததால் வரும் பார்வைக் குறை) கூடிவிட்டதாம், கண்ணாடி போட்டும் தெளிவில்லை. சீனி வருத்தம் இல்லை, கண் அழுத்தம் சரி.

கண்ணீர்ச் சொட்டு, ஸ்டீரொய்ட் சொட்டு எல்லாம் விட்டாச்சு. சிவப்புத்தான் குறையும், சதை அசையாது. கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம், வலை இழுக்கும்போது கழற்றி மடிக்குள் வைத்துவிடுகிறார். நந்தியாவட்டைப் பூ ஒற்றச் சொல்லிச் சொந்தக்காரர் ஆலோசனை வேறு, அதைச் செய்யவில்லை.

மேல் இமைக்குக் கீழேயுள்ள மெல்லிய படலத்தில் சிறு துண்டு எடுத்து ஒட்டினால் திரும்ப வளர்வது குறையும் என்று இப்போதைய டொக்டர் சொல்கிறார்.

திரும்ப வந்த சதைக்கு இந்த ஒட்டு ஒப்பரேஷனை மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், கொழும்பு கண் வைத்தியசாலை ஆகியவற்றில் எங்கே செய்தீர்கள், எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது?