தமிழ்நாட்டு முகாமில் மலையகக் குடும்பம்: யார் எந்த நாட்டுப் பிரஜை?

டிக்கோயா மகள்:
சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அத்தை 1962இல் மஸ்கெலியாப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். 77 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் வவுனியாவுக்குப் போனது, 84இல் படகில் மண்டபம். இன்றைக்கும் முகாம்தான். மாமா வவுனியாக்காரர், இலங்கைப் பிரஜை. பிள்ளைகள் மூவரும் அங்கே பிறந்தவர்கள்: 1985, 1996, 2009. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் 1973இல் எடுத்த இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது, அதில் பிள்ளைகளின் பெயர் எழுதும் பக்கத்தில் அத்தை பெயரும் உண்டு. இப்போது இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எல்லாருக்கும் ஒன்றாகப் படிவம் நிரப்பச் சொல்கிறார்கள். நிரப்பலாமா? கியூபாவிலிருந்து அமெரிக்கா போனவர்களுக்கு ஒரு வருடத்தில் நிரந்தர வதிவிடம் கிடைக்கிறதாம். நம்மவர்களுக்கு நாற்பது வருடமாகியும் ஏன் இல்லை?

நோர்வூட் சட்ட உதவி:
தங்கச்சி, அத்தை எதிலும் கையொப்பம் வைக்க வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். அந்தப் பாஸ்போர்ட் சாதாரணத் தாள் இல்லை.

1964 ஒக்டோபர் 30 இலங்கை–இந்திய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, பிரஜாவுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தர வேண்டும். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு விண்ணப்பித்து ஏற்கப்பட்டவர்கள் இந்தியப் பிரஜைகளாகப் பதியப்பட்டார்கள், வயது வராத பிள்ளைகளையும் சேர்த்து. 84இல் இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார் கப்பல் நின்றதும் பலர் பாஸ்போர்ட்டோடு இங்கேயே தங்கிப்போனார்கள். 73இல் அத்தைக்குப் பதினொரு வயது. அவர் பெயர் உண்மையில் பதியப்பட்டிருந்தால், இத்தனை வருடமும் அகதி அட்டையோடு இருந்தவர் சட்டப்படி இந்தியர்.

அவர் இப்போது தானாக முன்வந்து இலங்கைப் பிரஜாவுரிமை எடுத்தால், இந்தியச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி இந்தியப் பிரஜாவுரிமை போய்விடும். அவர் மனதார இலங்கைக்கு வர விரும்பினால் அது பிழையில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில் இந்தியப் பாஸ்போர்ட் பெற்றவர்களுக்கு விசேட பிரகடனம், அதாவது பிரஜாவுரிமைக்காகக் கையொப்பமிட்டுக் கொடுக்கும் கூற்று, இருக்கிறது. எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாதவர்களுக்குப் பொதுப் பிரகடனம். போரால் இந்தியா போக நேர்ந்தவர்களையும் 2009 திருத்தம் சேர்த்துக்கொண்டது. ஆனால் பிள்ளைகள் விஷயம் தெளிவாகும் முன் அவர் அதைச் செய்யக் கூடாது.

இந்தியச் சட்டத்தில் பிறந்த திகதிதான் எல்லாம். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். ஆகவே 85இல் பிறந்த மூத்தவர் யாரிடமும் குடியுரிமை கேட்கத் தேவையில்லை, பாஸ்போர்ட்டுக்கு நேரே விண்ணப்பிக்கலாம். அதே மண்டபத்தில் 86இல் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டிருக்கிறது. 96இல் பிறந்தவருக்கு, பிறந்த நேரத்தில் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்திருக்க வேண்டும். அங்கேதான் தாத்தாவின் பாஸ்போர்ட் வேலை செய்யும்.

சிக்கல் கடைசிப் பிள்ளைக்கு. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தால் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாக வராதவராகவும் இருக்க வேண்டும். மாமா படகில் வந்தவர். பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவரை அந்தச் சட்டம் சட்டவிரோதக் குடியேறி என்றுதான் பார்க்கும், அகதி என்ற சொல்லே அதில் இல்லை.

கொட்டகலை ஆவணங்கள்:
அந்தக் கடைசிப் பிள்ளைக்கு வழி மாமா பக்கம். தகப்பன் இலங்கைப் பிரஜை என்பதால் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவில் பதியலாம். பிறந்து ஒரு வருடத்துக்குள் என்றுதான் விதி, தகுந்த காரணம் காட்டினால் அமைச்சர் காலத்தை நீட்டலாம். சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர்ஸ்தானிகராலயத்தில் கொடுப்பதுதான் லேசு. பிள்ளையின் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ், மாமாவின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், முகாம் குடும்ப அட்டை வேண்டும்.

அதிகம் திருப்பி அனுப்பப்படுவது விவாகச் சான்றிதழால். கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்டிருப்பார்கள். அதைச் சரிசெய்யாமல் விண்ணப்பம் கொடுத்தால் மாதக்கணக்கில் தூங்கும்.

அடுத்தது பெயர். தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழில் "லெச்சிமி" என்று சிங்களத்தில் இருக்கும், முகாம் அட்டையில் "லட்சுமி", பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தில் வேறொன்று. சில பழைய சான்றிதழ்களில் பெயர்க் கட்டமே வெறுமை. மூன்றும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, எல்லா எழுத்துக்கூட்டலையும் அதிலேயே எழுத வேண்டும். அத்தையின் பிறப்புப் பதிவே கிடைக்கவில்லை என்றால், தேடுதல் முடிவை எழுத்தில் வாங்கிக்கொண்டு உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் போங்கள். பாஸ்போர்ட் மூலப்பிரதியைத் தபாலில் அனுப்பவே வேண்டாம். எல்லாப் பக்கத்தையும், வெறும் பக்கம் உட்பட, ஸ்கேன் செய்யுங்கள். பதிவு உண்மையா என்று கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் எழுத்தில் கேட்டு, கடிதம் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

தலவாக்கலை வாசகர்:
கியூபா கேள்விக்கு. 1966 நவம்பர் 2இல் அமெரிக்கா தனிச் சட்டமே போட்டது. கியூபாக்காரர் முறைப்படி அனுமதிக்கப்பட்டோ பரோலிலோ (குடிவரவு அதிகாரிகள் தற்காலிகமாக உள்ளே விடும் அனுமதி) உள்ளே வந்து, ஒரு வருடம் அங்கே இருந்தால் பச்சை அட்டைக்கு, அதாவது நிரந்தர வதிவிடத்துக்கு, விண்ணப்பிக்கலாம். முதலில் இரண்டு வருடமாக இருந்தது. கூட வாழும் கணவன், மனைவி, பிள்ளைகள் வேறு நாட்டவராக இருந்தாலும் சேர்த்துக்கொள்ளலாம். கம்யூனிச எதிர்ப்பு அரசியல் அதற்குப் பின்னால் இருந்தது. நம்மவர்களுக்காக அப்படி ஒரு சட்டம் போட எந்த வல்லரசுக்கும் அவசியம் இருக்கவில்லை.

ஆனால் அங்கேயும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கரையை மிதித்தால் போதும் என்ற ஏற்பாடு 2017 ஜனவரியில் நின்றது. பிறகு எல்லையில் பிடிபட்ட பலருக்குப் பரோலுக்குப் பதில் ஐ-220ஏ என்ற விடுவிப்புத் தாளைக் கொடுத்தார்கள். அது பரோல் ஆகாது என்று 2023இல் குடிவரவு மேன்முறையீட்டுச் சபை தீர்ப்பளித்தது. ஒரே நாளில், ஒரே எல்லையில் வந்த இருவரில் ஒருவருக்குப் பச்சை அட்டை, மற்றவர் நடுத்தெருவில். எந்தத் தாளைக் கையில் கொடுத்து உள்ளே விட்டார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. உங்கள் அத்தை விஷயமும் அங்கேதான் நிற்கிறது.

டிக்கோயா மகள்:
நன்றி. அத்தையிடம் பேசிவிட்டேன், படிவம் நிறுத்தியாச்சு. இந்தியர் என்று கேட்டு எழுதினால் முகாம் பதிவை வெட்டிவிடுவார்கள் என்று பயப்படுகிறார்.

நோர்வூட் சட்ட உதவி:
பயம் நியாயமானது. கேட்பதற்காகப் பதிவை விட்டுக்கொடுக்கக் கூடாது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்திலிருந்து இந்தியா 2025 செப்டெம்பரில் விலக்குக் கொடுத்தது. அது குடியுரிமை இல்லை, ஆனால் பதிவு இருப்பவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. குடும்பத் தலைவருக்கு 1,500, பெரியவருக்கு 1,000, பிள்ளைக்கு 500 ரூபாய் என்ற மாதக் கொடுப்பனவும் பதிவோடுதான் வரும். கணக்கெடுப்பு நாளில் ஆள் இல்லாமல் போய்ப் பெயர் வெட்டுப்பட்டவர்கள் உண்டு. வெளியூர் போனால் அனுமதித் தாள் கையில் இருக்கட்டும்.

விண்ணப்பத்தைக் கலெக்டர் மூலமாகவே கொடுக்கச் சொல்லுங்கள். 2019 ஜூனில் மலையக வம்சாவளி முகாம்வாசிகள் வழக்கில் மதுரைக் கிளை சொன்ன வழி அதுதான். மனுவில் ஒப்பந்தத்தையும் பாஸ்போர்ட் இலக்கத்தையும் முதல் பந்தியிலேயே எழுதட்டும். "குடியுரிமை தாருங்கள்" என்று எழுத வேண்டாம், "1973இல் பதியப்பட்ட குடியுரிமையை உறுதிப்படுத்துங்கள்" என்று எழுதட்டும்.

மாமா திரும்பி வருவதாக இருந்தால், இந்திய வெளியேற்ற அனுமதி கைக்கு வந்தபின்தான் விமானச்சீட்டு. ஐ.நா. அகதிகள் அமைப்பு மூலம் வந்த வயோதிபர் ஒருவரையே 2025 மே மாதம் பலாலியில் கைதுசெய்தார்கள், முன்பு முறையற்ற வழியில் நாட்டைவிட்டுப் போனதற்காக. அமைப்பின் கடிதமும் இங்கேயுள்ள ஒரு சட்டத்தரணியின் தொலைபேசி இலக்கமும் அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும், பெட்டியில் அல்ல.